ஒரு மணி நேரமும் ஓராண்டும்: ஓவியச் சிகிச்சையை அளந்து பார்த்தவர்கள்

2006இல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் மெமோரியல் மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. புற்றுநோய்க்காக அங்கே தங்கியிருந்த 50 உள்நோயாளிகள் ஓவியச் சிகிச்சையாளருடன் ஒரு மணி நேரம் செலவிட்டார்கள். வலி, களைப்பு, குமட்டல், மனச்சோர்வு, பதற்றம் என ஒன்பது தொல்லைகளுக்கு 0 முதல் 10 வரை அவர்களே முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் மதிப்பெண் போட்டார்கள். குமட்டலைத் தவிர மற்ற எட்டும் குறைந்திருந்தன.

ஆறு ஆண்டுகள் கழித்து, ‘மாட்டிஸ்’ என்று ஓவியரின் பெயராலேயே அழைக்கப்பட்ட பெரிய ஆய்வின் முடிவை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் குழுவாக ஓவியச் சிகிச்சை, ஓராண்டு முழுக்க. இன்னொன்றுக்கு அதே கால அளவில் வேறு பொழுதுபோக்குக் குழு. மூன்றாவதற்கு வழக்கமான மருத்துவம் மட்டும். இரண்டாண்டு முடிவில் நோய்க்குறிகளிலும் அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறனிலும் மூன்று பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை.

ஒரு மணி நேரம் எட்டுத் தொல்லைகளைக் குறைத்தது, ஓராண்டு எதையும் அசைக்கவில்லை. நோய் வேறு, நாடு வேறு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இரண்டும் கேட்ட கேள்வியே வேறு. தூரிகையைக் கீழே வைத்த கையோடு எப்படி இருக்கிறது என்று கேட்டது முதல் ஆய்வு. இந்தச் சிகிச்சைக்கு ஒருவரை அனுப்பிவைத்தால் இரண்டாண்டு கழித்து அவர் வாழ்க்கை மாறியிருக்குமா என்று கேட்டது இரண்டாவது. ஓவியச் சிகிச்சை பலன் தருகிறதா என்ற ஒற்றை வரிக் கேள்வியோடு இத்துறையின் ஆய்வுகளைப் புரட்டினால், பல இடங்களில் எதைக் கொண்டு அளந்தார்கள், எப்போது அளந்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதே பதிலைத் தீர்மானித்திருப்பது தெரியும்.

இத்துறைக்குப் பெயர் வைத்தவர் ஒரு நோயாளி. பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில் காசநோய் கண்டு 1938இல் சசெக்ஸ் வட்டாரத்து மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் சேர்ந்தார். படுக்கையில் இருந்தபடி வரையத் தொடங்கி, பின்னர் உடன் இருந்தவர்களையும் வரையவைத்தார். ‘கலைச் சிகிச்சை’ என்ற சொல்லை 1942இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அவருடைய சாட்சியம் அனுபவம் சார்ந்தது. வரைந்தால் மனம் லேசாகிறது, அது கண்ணெதிரே நடக்கிறது, அவ்வளவுதான்.

சர்ரே வட்டாரத்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் நடந்தது வேறு. 1946இல் அங்கே எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியர் பணிக்கு அமர்த்தப்பட்டார். மருத்துவர்களுக்கு வேண்டியிருந்தது ஆராய்ச்சிக்கான பொருள். நோயாளிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரியான வண்ணங்கள், ஒரே அளவுத் தாள். ஆடம்சன் கற்றுக்கொடுக்கக் கூடாது, விளக்கம் சொல்லவும் கூடாது. மூளை அறுவை உள்ளிட்ட கடுமையான சிகிச்சைகள் நடந்த காலம் அது. நோயாளியின் மனநிலையை ஓவியத்தில் படித்துவிடலாம் என்பது மருத்துவர்களின் நம்பிக்கை. அதாவது, ஓவியம் அங்கே முதலில் அளவுகோலாகத்தான் நுழைந்தது. அதுவே மருந்தாகவும் இருக்கலாம் என்பது ஆடம்சன் ஆண்டுக்கணக்கில் அங்கிருந்து நிலைநாட்டிய விஷயம். அவர் பாதுகாத்தவற்றில் ஆயிரக்கணக்கான படைப்புகள் இன்று லண்டனின் வெல்கம் தொகுப்பில் இருக்கின்றன.

அமெரிக்காவில் இருவர் இரண்டு திசையில் இழுத்தார்கள். மார்கரெட் நாம்பெர்குக்கு ஓவியம் என்பது ஆழ்மனத்தின் பேச்சு. வரைந்தபின் அதைப் பற்றிப் பேசினால்தான் சிகிச்சை முழுமையாகும். ஈடித் கிரேமருக்கோ படைக்கும் செயலே குணமாக்குவது, பேச்சு அதற்குத் துணை. அளக்க வருபவருக்கு இந்தத் தகராறு முக்கியம். நாம்பெர்க் சரியென்றால் நோயாளிக்குத் தன்னைப் பற்றிய தெளிவு கூடியதா என்று பார்க்க வேண்டும். கிரேமர் சரியென்றால் வரையும் நேரத்தையும் அதில் மூழ்கிய அளவையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் இரண்டையும் விட்டுவிட்டு, கைவசம் உள்ள பதற்ற வினாத்தாளை எடுத்துக்கொள்கின்றன.

ஓவியத்தையே வாசித்து மனத்தை அளக்கலாம் என்ற ஆசை எளிதில் விடவில்லை. ஒரு மனிதரை வரையச் சொல்லி அதிலிருந்து ஆளுமையைக் கணிக்கும் முறையை கேரன் மேகோவர் 1949இல் நூலாக்கினார். கண்ணைப் பெரிதாகவோ விசித்திரமாகவோ வரைந்தால் அவர் சந்தேகப் பிராணி என்பது போன்ற விதிகள் மருத்துவர்களிடையே பரவின. 1967இல் லோரன் சாப்மனும் ஜீன் சாப்மனும் அதைச் சோதித்தார்கள். ஓவியங்களையும் நோய்க்குறிகளையும் எந்தத் தொடர்பும் இல்லாதபடி இணைத்து, இத்துறை தெரியாத மாணவர்களிடம் காட்டினார்கள். கண்ணுக்கும் சந்தேகத்துக்கும் தொடர்பு இருப்பதாக மாணவர்கள் ‘கண்டுபிடித்தார்கள்’. அனுபவம் வாய்ந்த மருத்துவர்கள் சொல்லிவந்த அதே விதி, தரவில் இல்லாத இடத்திலும் முளைத்தது. அறுபது ஆண்டுகளை நெருங்கும் இந்தச் சோதனையை ஓவியச் சிகிச்சை வகுப்புகளில் முதல் பாடமாக வைக்கலாம். கறுப்பு வண்ணம் சோகம், பூட்டிய கதவு தனிமை என்று வாசிக்கும் பழக்கம் இன்னும் தீரவில்லை.

இதற்கு மாற்றாக, என்ன வரைந்தார் என்பதை விட்டு எப்படி வரைந்தார் என்று பார்க்கும் முறைகள் வந்தன. லிண்டா கான்ட், கார்மெல்லோ டபோன் இருவரும் 1998இல் வெளியிட்ட அளவுகோலில் 14 கூறுகள் உண்டு: வண்ணம் எவ்வளவு, தாளில் இடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கோட்டின் தன்மை, தர்க்கம், உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பன போல. நோயாளிக்குத் தரப்படும் பணி ஒன்றுதான்: மரத்திலிருந்து ஒருவர் ஆப்பிள் பறிப்பதை வரைய வேண்டும். பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டால் பெருமளவு ஒத்துப்போகும், அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஒத்துப்போவது வேறு, சரியானதை அளப்பது வேறு. கடும் மனச்சோர்வில் இருப்பவர் வெளிறிய சின்னப் படம் வரையலாம். மருந்தின் மயக்கத்தில் இருப்பவரும் அப்படியே வரையலாம். தவிர, அந்தக் கூறுகளில் ஒன்று சிக்கலைத் தீர்க்கும் திறன், அதாவது கனியைக் கையில் எடுக்க அந்த ஆள் என்ன வழி செய்கிறார் என்பது. ஆப்பிளைப் பழக்கடையில் மட்டுமே பார்த்த திருநெல்வேலிக்காரரிடம் இதைக் கேட்பதைவிட மாங்காய் பறிக்கச் சொன்னால் துரட்டியும் கல்லும் தோளில் ஏறிய தம்பியும் தாளில் வந்துவிடும். மதிப்பெண் அட்டவணையில் கல்லெறிவதற்கு எவ்வளவு போடுவது என்பது தனிப் பிரச்சினை.

படத்தை விட்டு ஆளைக் கேட்பது அடுத்த வழி. பரவலாகப் பயன்படுவன சில வினாத்தாள்களே. 1983இல் சிக்மண்டும் ஸ்னெய்த்தும் உருவாக்கிய மருத்துவமனைப் பதற்ற, மனச்சோர்வு அளவையில் 14 கேள்விகள். அதன் நுட்பம், தூக்கமின்மை, பசியின்மை போன்ற உடல் தொல்லைகளை ஒதுக்கியதில் இருக்கிறது. புற்றுநோய் வார்டில் பசியில்லை என்று சொல்பவரை மனச்சோர்வு என்று எண்ணிவிடக் கூடாது அல்லவா. 1988இல் வந்த இன்னொரு அளவை உணர்வுச் சொற்கள் இருபதைத் தந்து, பத்து இதமானவை, பத்து இதமற்றவை, ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு இருக்கிறது என்று கேட்கும். இதமான உணர்வு கூடுவதும் இதமற்றது குறைவதும் ஒரே தராசின் இரு தட்டுகள் அல்ல, தனித்தனியாக நகரக்கூடியவை என்பது அதன் அடிப்படை. ஓவியச் சிகிச்சைக்கு இது பொருத்தம். துக்கம் அப்படியே இருக்க, பக்கத்திலேயே சிறு மகிழ்ச்சி முளைப்பதைத்தான் நோயாளிகள் பலர் விவரிக்கிறார்கள்.

வினாத்தாளின் பலவீனம் எங்கும் ஒன்றுதான், நம் ஊரில் கொஞ்சம் கூடுதல். வீட்டார்கூட வந்து உட்காராத நேரத்தில் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து, வண்ணம் குழைத்துத் தந்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்ட ஒருவர், எழுந்து போகுமுன் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், ‘ஒண்ணும் மாறலைங்க’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? சிகாகோ ஆய்வில் ஒப்பீட்டுக்கு வேறு குழு இல்லை. எட்டுத் தொல்லைகள் குறைந்ததில் ஓவியத்துக்கு எவ்வளவு, கூடவே ஒருவர் இருந்ததற்கு எவ்வளவு, மரியாதைக்கு எவ்வளவு என்று பிரிக்க அந்த ஆய்வில் வழியில்லை. இன்னொன்றும் உண்டு. உச்சத்தில் இருக்கும் காய்ச்சலுக்குக் குடித்த கஷாயம் எதுவாக இருந்தாலும் மறுநாள் அதற்குத்தான் பேர். மிக மோசமான நிலையில் சேர்த்துக்கொள்ளப்படும் நோயாளிகளின் மதிப்பெண் எதுவும் செய்யாமலே ஓரளவு இறங்கும்.

பேச்சை நம்பாமல் உடலைக் கேட்கலாமே என்று வந்தது உமிழ்நீர்ச் சோதனை. பிலடெல்ஃபியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் உடனிருந்தோரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு செய்தித்தாள்களில் மிகவும் அடிபட்டது. நலமாக உள்ள 39 பேர் 45 நிமிடம் களிமண், படத்துண்டு ஒட்டுதல், மார்க்கர் என்று விரும்பியதைச் செய்தார்கள். சுமார் 75 விழுக்காட்டினரிடம் மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் குறைந்திருந்தது, முன் அனுபவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதையும் ஒப்பீட்டுக் குழு இல்லாமல்தான் செய்தார்கள். கார்டிசால் காலையில் உயர்ந்து நாள் போகப்போகத் தானே இறங்கும் பொருள். முக்கால் மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தாலும் இறங்குமா என்று அந்த ஆய்வு கேட்கவில்லை. தவிர, அவர்கள் நோயாளிகள் அல்லர். தலைப்புச் செய்திகளில் இந்த வரி காணாமல் போயிற்று.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். என் பார்வையில் இத்துறையின் உண்மையான சோதனை இங்கேதான். பிலடெல்ஃபியாவில் டேனியல் மான்டி குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் புற்றுநோய் கண்ட 111 பெண்கள். எட்டு வாரம் விழிப்புணர்வுத் தியானமும் ஓவியமும் சேர்ந்த பயிற்சி ஒரு பாதிக்கு. மறு பாதி காத்திருப்போர் பட்டியலில். பயிற்சி பெற்றவர்களின் மனவேதனை தெளிவாகக் குறைந்தது. நல்ல ஆய்வு, ஆனால் காத்திருப்பவர் எதுவும் பெறாதவர். வாரம் ஒருமுறை வீட்டைவிட்டுக் கிளம்பி, தன்னைப் போன்ற பத்துப் பெண்களோடு உட்காருவதே பெரிய மருந்து. எதுவுமே கிடைக்காதவரோடு ஒப்பிட்டு வென்றது ஓவியமா, கூட்டமா, தியானமா?

மாட்டிஸ் ஆய்வு இந்தக் கேள்வியைத் தைரியமாக எதிர்கொண்டது. அதன் பொழுதுபோக்குக் குழுவினர் பலகை விளையாட்டு விளையாடினார்கள், படம் பார்த்துப் பேசினார்கள், பக்கத்துக் காபிக் கடைக்குப் போனார்கள். ஓவியம், கைவினைப் பொருள் எதையும் தொடக் கூடாது என்பது விதி. ஆக, கூட்டம் இரண்டு பக்கமும் உண்டு, ஓவியம் ஒரு பக்கம் மட்டும். அப்படி அளந்ததில் ஓவியம் கூடுதலாக எதையும் தரவில்லை.

இந்த முடிவு வந்தபோது சிகிச்சையாளர்கள் கொதித்தார்கள். கோபத்தில் நியாயமும் உண்டு. ஓவியக் குழுவுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் சுமார் 61 விழுக்காட்டினர்தான் ஒருமுறையாவது வந்தார்கள். ஐந்தில் இருவர் அறைக்குள் காலே வைக்கவில்லை. வராதவரையும் கணக்கில் சேர்ப்பது ஆய்வு மரபு, அது சரியான மரபும்கூட. அரசு மருத்துவத் துறை தெரிந்துகொள்ள வேண்டியது அனுப்பினால் என்ன ஆகும் என்பதைத்தான். ஆனால் அந்த விடையை வரைந்தால் என்ன ஆகும் என்பதற்கான விடையாக வாசிக்கக் கூடாது. நெடுங்கால நோயால் ஊக்கம் வற்றிய ஒருவரை விருப்பம் கேட்டுச் சேர்ப்பதற்கும், குலுக்கலில் விழுந்த சீட்டுப்படி அனுப்புவதற்கும் தூரம் அதிகம். பெர்லினில் நடந்து 2014இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று வேறு கதை சொல்கிறது. கடும் கட்டத்தில் மருத்துவமனையில் சேர்ந்திருந்த 58 பேர், வாரம் இருமுறை என 12 அமர்வுகள். நோய்க்குறிகள் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைந்தன. வார்டில் இருப்பவர் வருவார், வீட்டில் இருப்பவர் பேருந்து பிடித்து வரமாட்டார் என்பதும் ஒரு விளக்கமாக இருக்கலாம். ஆனால் அதில் ஒப்பீடு வழக்கமான மருத்துவத்தோடு மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2009இல் மனச்சிதைவுக்குக் கலைச் சிகிச்சைகளைப் பரிந்துரைத்தது. மாட்டிஸ் வந்த பிறகு 2014இல் திருத்திய வழிகாட்டியிலும் அதை நீக்கவில்லை.

கலை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றிய நம்பிக்கைக்கும் அடி விழுந்திருக்கிறது. உள்ளே அடைபட்ட துயரத்தைத் தாளில் கொட்டினால் மனம் தேறும் என்பதே பொதுவான எண்ணம். ஜெனிஃபர் டிரேக்கும் எலன் வின்னரும் மாணவர்களுக்குச் சோகமான திரைக்காட்சி ஒன்றைக் காட்டி, பின் சிலரைத் தம் சோகத்தை வரையச் சொன்னார்கள், சிலரை அதற்குத் தொடர்பில்லாததை வரையச் சொன்னார்கள். மனநிலை அதிகம் தேறியது இரண்டாம் சாராருக்கு. கொட்டுவதைவிடக் கவனம் திருப்புவதே உடனடியாக உதவியது. மாணவரின் தற்காலிகச் சோகத்தையும் மகனை இழந்த தாயின் துக்கத்தையும் ஒன்றாக வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் சிகிச்சை அறையில் ‘உன் வேதனையை வரை’ என்று முதல் நாளே சொல்பவர்கள் ஒரு கணம் யோசிக்கலாம்.

சிதறிக் கிடக்கும் ஆய்வுகளைத் திரட்டியவர்கள் என்ன கண்டார்கள்? பிரிட்டனில் லெஸ்லி அட்லி குழு 2015இல் மனச்சிதைவு அல்லாத மனநலச் சிக்கல்களுக்கான ஆய்வுகளைத் திரட்டியபோது குலுக்கல் முறை ஆய்வுகள் 15 மட்டுமே கிடைத்தன, பெரும்பாலும் சிறியவை, தரத்தில் ஓட்டை உள்ளவை. முடிவுகள் நல்ல திசையைக் காட்டின, உறுதியாகக் காட்டவில்லை. 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் கலையும் உடல்நலமும் பற்றி 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளை உள்ளடக்கிய பெரும் தொகுப்பை வெளியிட்டது. அதைக் காட்டிக் கலை எல்லாவற்றுக்கும் மருந்து என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அது பரப்பைக் காட்டும் வரைபடம், ஆழத்தைச் சோதித்த கணக்கு அல்ல.

ஆழத்தைச் சோதித்தது 2024இல் ஜாமா நெட்வொர்க் ஓபன் இதழில் வந்த தொகுப்பாய்வு. 50 குலுக்கல் முறை ஆய்வுகள், 2766 பேர், அளக்கப்பட்ட விளைவுகள் 217. அவற்றில் 18 விழுக்காட்டில் ஓவியச் சிகிச்சை ஒப்பீட்டுக் குழுவைவிட முன்னேற்றம் காட்டியது. 81 விழுக்காட்டில் வேறுபாடு இல்லை. 1 விழுக்காட்டில் ஒப்பீட்டுக் குழுவே மேல். ஆதரவாளர் 18ஐப் பிடித்துக்கொள்வார், எதிர்ப்பாளர் 81ஐ. எனக்கு உறுத்துவது 217. ஓர் ஆய்வுக்கு நான்குக்கும் மேல்! எது மாறும் என்று முன்கூட்டியே துணிந்து சொல்ல யாருக்கும் தெளிவில்லாததால், பதற்றம், சோர்வு, தன்மதிப்பு, வலி, வாழ்க்கைத் தரம் என்று வலையை அகல விரித்திருக்கிறார்கள். வலை அகலமாகும்போது மீனும் சிக்கும், குப்பையும் சிக்கும்.

நோயாளி எதற்காக வந்தார் என்பதை அவரிடமே கேட்டு அதை அளப்பது ஒரு நேர்வழி. பொது மருத்துவத்தில் அதற்குக் கருவிகள் இருக்கின்றன. 1996இல் பிரிட்டனின் சார்லட் பேட்டர்சன் அறிமுகப்படுத்திய படிவத்தில், தன்னை மிகவும் தொல்லைப்படுத்தும் ஓரிரண்டைத் தன் வார்த்தையிலேயே நோயாளி எழுதி 0 முதல் 6 வரை மதிப்பெண் போடுவார். வாரங்கள் கழித்து அதே வரிக்கு மறுபடி மதிப்பெண். ‘கீமோ முடிந்து வந்த ராத்திரி கண்ணை மூட பயமா இருக்கு’ என்று ஒருவர் எழுதினால், குறைய வேண்டியது அதுதான். இத்தகைய அளவைகளை ஓவியச் சிகிச்சை ஆய்வுகள் இன்னும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் வேறுபடுவதை எப்படிக் கூட்டுவது என்று புள்ளியியலார் முகம் சுளிப்பார்கள், ஆனால் அதைச் சமாளிக்க வழிகள் உண்டு.

கேட்காமல் விடுவது இன்னொன்று: தீங்கு. ஓவியம்தானே, கெடுதல் என்ன வந்துவிடும் என்ற எண்ணத்தில் பல ஆய்வுகள் அதைப் பதிவதே இல்லை. இதற்கு எடுத்துக்காட்டாக, வட இலங்கையில் போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளிடையே நடந்து 2012இல் வெளியான ஆய்வைச் சொல்ல வேண்டும். வீட்சே டோல் குழு 399 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குப் பள்ளியிலேயே உள்ளூர்ப் பயிற்றுநர்களைக் கொண்டு ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள். அறிவாற்றல் நடத்தைப் பயிற்சியோடு படைப்புச் செயல்களும் கலந்த திட்டம், ஆகவே தூய ஓவியச் சிகிச்சை அல்ல. முதன்மையாக அளந்தவற்றில் மொத்தமாகப் பலன் தெரியவில்லை. முரட்டு நடத்தை மட்டும் குறைந்தது. பிரித்துப் பார்த்தபோது ஆண்பிள்ளைகளின் அதிர்ச்சிக்குப் பிந்திய உளப்பாதிப்பும் பதற்றமும் ஓரளவு குறைந்தன. பெண்பிள்ளைகளிடமோ தலைகீழ். திட்டத்தில் பங்கேற்ற சிறுமிகளுக்கு அதிர்ச்சிக்குறிகள் குறைந்த அளவு, காத்திருப்பில் இருந்த சிறுமிகளுக்குக் குறைந்த அளவைவிடச் சிறியது. போர் சார்ந்த நெருக்கடி அன்றாடம் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே திட்டம் கூடுதலாக உதவியது.

சராசரியை மட்டும் அச்சிட்டிருந்தால் இது ‘வேறுபாடு இல்லை’ என்ற இன்னொரு வரியாக முடிந்திருக்கும். சிறுமிகள் தாமாகவே தேறிவந்த வேகத்தைத் திட்டம் தடுத்ததா, வகுப்பில் ஆண்பிள்ளைகள் நடுவே மனத்தைத் திறக்கச் சொன்னதா, வீட்டில் இன்னும் தொடர்ந்த நெருக்கடியா என்பதை அந்த மதிப்பெண்கள் சொல்லாது. அடுத்த திட்டம் தொடங்குமுன் அந்தப் பிள்ளைகளிடமும் அவர்களுடைய அம்மாக்களிடமும் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.